தவளை கேட்டால் தவலை வரும் (கேள்வி பதில்)

கே: எழுத்துக்கூட்டல் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு மந்திர சக்தி இருப்பதாக வைத்து, ஆளுக்கொரு வேடம் பேசி ஆடும் ஆட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறதாம். தமிழில்தான் சொல்வதையே எழுதுகிறோமே, போட்டிக்கு என்ன இருக்கிறது?
– வாசகர், திருமங்கலம்

ப: ‘வாளப்பளம்’ சாப்பிடும் ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வியா! ஆங்கிலத்தில் ஒலிக்காத எழுத்துகள் காலை வாரும். நமக்கு ல-ள-ழ, ர-ற, ன-ண. கூட்டிய சொல் எதுவோ அதுதான் நடக்கும் என்பதே தலையாய விதி. தவளையை வரவழைக்கப் போனவர் சின்ன ‘ல’ போட்டால், தொம்மென்று பித்தளைத் தவலை வந்து விழும். ஒளி கேட்டவர் ‘லி’ என்றால் காது கிழியும். ‘ழி’ என்றால் எதிரில் நிற்பது ஒழியும். கிளி, கிலியாகிவிடும். பொருளே இல்லாத சொல் வந்தால் ஒரு சுற்று வாயடைப்பு. இப்படிப்பட்ட இரட்டைச் சொற்களை முப்பது சீட்டில் எழுதிக்கொண்டால் ஒருவர் நடத்த, நாலு பேர் ஒரு மாலை முழுக்க ஆடலாம்.

களத்துக்கு எங்கும் அலைய வேண்டாம், பொற்றாமரைக் குளம் இருக்கிறது. தகுதியில்லாதவரைச் சங்கப் பலகை ஏற்காது என்பது புராணம். மூன்று முறை தவறியவரை நம் பலகையும் குளத்தில் தள்ளிவிடும். அடுத்த சுற்றை அவர் தண்ணீருக்குள்ளிருந்தே ஆட வேண்டும். நக்கீரரே விழுந்த குளம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கே: நடத்துபவர் திருத்தமாக உச்சரித்தால் விடை தெரிந்துவிடுகிறது. பேச்சுவழக்கில் சொன்னால் சண்டை வருகிறது.
– வாசகி, மேலூர்

ப: ல, ள, ழ மூன்றையும் ‘ள’ என்றே ஒலிக்கட்டும், கூடவே பொருளையும் சொல்லட்டும்: “மழைக்குக் கத்துமே, அது.” ஆடுபவர் எழுதிக் காட்டக்கூடாது. ரெண்டு சுழி, மூணு சுழி, சிறப்பு ழகரம் என்று பெயர் சொல்லி வாயால்தான் கூட்ட வேண்டும். எந்த அகராதி செல்லும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். ஒற்று மிகுமா மிகாதா என்பதைத் தொடவே தொடாதீர்கள், ஆட்டம் இலக்கண வகுப்பாகிவிடும்.

கே: மந்திரம் பலிக்கிறதா என்று பார்க்க ஆறுமுகப் பகடைக்குப் பதில் தாயக்கட்டை உருட்டலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

ப: தாராளமாக. இரண்டு பகடையில் 8-ம் அதற்கு மேலும் விழ 36-க்கு 15 வாய்ப்பு. இரண்டு தாயக்கட்டையில் 4-ம் அதற்கு மேலும் விழ 16-க்கு 7 (இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்று கணக்கு). ஏறக்குறைய சமம்தான். 5 வேண்டும் என்று வைத்தால் நாலில் ஒரு தடவைதான் பலிக்கும், பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். எண் குறைந்தால் மந்திரத்தை அடியோடு ரத்து செய்யாதீர்கள்: தவளை வரும், சொன்ன பேச்சு கேட்காது. தாயம் (கூட்டுத்தொகை 1) விழுந்தால் மட்டும் எண்ணைப் பார்க்க வேண்டாம். அவரவர் தனிச்சக்தி முழுசாகப் பலிக்கும். அதற்கு வாய்ப்பு 8-க்கு 1.

கே: தமிழாசிரியையான அத்தையே எப்போதும் ஜெயிக்கிறார்.
– வாசகி, மதுரை

ப: புளியங்கொட்டையில் கணக்கு வையுங்கள். சரியாகக் கூட்டினால் 1. தவறி வந்த பொருளை வைத்தே இக்கட்டிலிருந்து தப்பினால், அதாவது அந்தத் தவலையைக் கவிழ்த்து அதற்குள் ஒளிந்துகொண்டால், 2. முதலில் 10 சேர்ப்பவருக்கு வெற்றி. மூன்றாவது சுற்றில் அத்தையும் சின்ன ‘ல’ போட ஆரம்பிப்பார். கண்டுகொள்ளாதீர்கள்.