பேரை மாத்தி, மீசை வச்சு, வாயை மூடிக்கிட்டவன்

கேள்வி: கருப்பினத்துல பொறந்து வெள்ளைக்காரனா மாறி வாழ்ற ஒரு இளைஞனைப் பத்தி நல்ல நாவல் ஏதாவது சொல்லுங்களேன்?

அமெரிக்கக் கருப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனோட 'தி ஆட்டோபயாகிராஃபி ஆஃப் ஆன் எக்ஸ்-கலர்ட் மேன்' (ஒரு முன்னாள் கருப்பனோட சுயசரிதை) படிங்க. 1912ல வந்தது. பேர்லயே ஆட்டோபயாகிராஃபின்னு இருக்கவும் நான் பாதி வரைக்கும் யாரோ ஒருத்தரோட சொந்தக் கதைன்னு நம்பித்தான் படிச்சேன், அப்புறம் கூகுள் பண்ணிப் பாத்தா நாவலாம். ஏமாந்தது நான் மட்டும் இல்ல. மொதல்ல ஆசிரியர் பேரே போடாமதான் வெளியிட்டிருக்காங்க, 1927ல மறுபதிப்புலதான் பேர் வந்துச்சு, அதுக்கப்புறமும் இது ஜான்சனோட கதைதான்னு ஆளுங்க பேசிக்கிட்டே இருக்க, 1933ல மனுஷன் தன்னோட நெஜ வாழ்க்கை வரலாறைத் தனியா ஒரு புக்காவே எழுதிட்டாரு.

ஹீரோவுக்குக் கடைசி வரைக்கும் பேரே கிடையாது. ஜார்ஜியாவுல பொறந்தவன், கனெக்டிகட்ல வளர்றான், அம்மா துணி தைச்சு வளக்குறாங்க. அப்பா வெள்ளைக்காரர், பெரிய எடம். அவர் பையனைப் பிரியிறப்ப ஒரு பத்து டாலர் தங்கக் காசுல ஓட்டை போட்டு அவன் கழுத்துல கட்டி விடுறாரு. இத்தனை வருஷம் போட்டிருந்தேன், ஆனா ஓட்டை போடாம வேற மாதிரி கட்டியிருக்கலாமேன்னு பல தடவை தோணியிருக்குன்னு அவனே சொல்றான். காசைக் குடுத்தும் குடுக்காத மாதிரி ஆயிடுச்சு பாருங்க.

பையன் பாக்க வெள்ளையா இருக்கான். தான் யாருன்னே அவனுக்குத் தெரியாது. மத்த பசங்களோட சேந்து கருப்புப் பசங்களைத் துரத்திக் கல்லெறிஞ்சுட்டு வந்து அம்மாகிட்ட அதைக் கதையா வேற சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிறான். அப்புறம் ஒருநாள் ஹெட்மாஸ்டர் கிளாஸுக்கு வந்து 'வெள்ளைப் பசங்கள்லாம் எந்திரிங்க'ன்னு சொல்றாரு, இவனும் எந்திரிக்கிறான், டீச்சர் இவன் பேரைச் சொல்லி 'நீ இப்ப உக்காரு, மத்தவங்க எந்திரிக்கும்போது எந்திரி'ங்கிறாங்க. அவ்ளோதான். வீட்டுக்கு ஓடிப்போய் ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு தன் மூஞ்சியையே பாக்குறான், தோல், கண்ணு, இமை, முடின்னு ஒண்ணொண்ணா. காலைல இருந்த அதே மூஞ்சிதான்!

இது ஏதோ கதைக்காகப் பண்ணதுன்னு நெனச்சுடாதீங்க. ஹோமர் பிளெஸ்ஸின்னு ஒருத்தர் லூசியானாவுல 1892ல வெள்ளைக்காரங்க ரயில் பெட்டில உக்காந்ததுக்காக அரெஸ்ட் ஆனாரு, அவர் ரத்தத்துல எட்டுல ஒரு பங்குதான் கருப்பு, பாத்தா கண்டுபிடிக்கவே முடியாது, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1896ல தோத்தாரு.

நடுவுல கதை எங்கெங்கயோ சுத்துது. ஜாக்சன்வில்ல சுருட்டு ஃபேக்டரி, நியூயார்க்ல சூதாட்டம், ராக்டைம்ங்கிற கருப்பின மக்களோட துள்ளல் இசையில பியானோ, ஒரு மில்லியனரோட ஐரோப்பா டூர். திரும்பி வந்து கருப்பின மக்களோட பாட்டையெல்லாம் சேகரிச்சு பெரிய இசைக்கலைஞன் ஆகணும்னு தெற்குப் பக்கம் போறான், அங்க ஒரு ஆளை ஊரே கூடி உயிரோட எரிக்கிறதைப் பாத்துடுறான். அவனுக்குக் கொலைகாரங்க மேல வர்ற கோவத்தை விட, மிருகத்தை விடக் கேவலமா நடத்தப்படுற கூட்டத்துல தானும் ஒருத்தன்ங்கிற அவமானம்தான் பெருசா இருக்கு. இந்த எடத்துல எனக்கு அவன் மேல செம கடுப்பு, ஆனா அவனுக்குப் பதில் சொல்லவும் தெரியல.

அவன் எடுக்குற முடிவு என்னன்னா நான் கருப்பன் இல்லன்னும் சொல்ல மாட்டேன், வெள்ளைக்காரன்னும் சொல்ல மாட்டேன், பேரை மாத்தி மீசை வளர்த்துக்குறேன், உலகம் என்னவா நெனைக்குதோ நெனச்சுக்கட்டும். பாஸ்போர்ட் ஃபோர்ஜரி, ஆள் மாறாட்டம் எதுவும் தேவைப்படல, யாராவது கேட்டாத்தானே பொய் சொல்லணும், யாரும் கேக்கவே இல்ல.

எனக்கு ரொம்பப் புடிச்சது ஷைனி வர்ற எடம். ஷைனி இவனோட ஸ்கூல்ல படிச்ச கருப்புப் பையன், கிளாஸ்லயே கெட்டிக்காரன். வருஷக்கணக்கு கழிச்சு நியூயார்க்ல, இவன் லவ் பண்ற வெள்ளைக்காரப் பொண்ணோட நிக்கிறப்ப எதிர்ல வந்துடுறான். ஒரு வார்த்தை போதும், இவன் காலி. ஷைனி நிலமையைப் புரிஞ்சுக்கிட்டு ரொம்ப மரியாதையா, எதையுமே காட்டிக்குடுக்காமப் பேசிட்டுப் போறான். அந்தப் பொண்ணுக்கே அவனை ரொம்பப் புடிச்சுப் போகுது. அதைப் பாத்துட்டுத்தான் இவனுக்கு அவகிட்ட உண்மையைச் சொல்ற தைரியமே வருது.

இங்கிலீஷ் கொஞ்சம் பழசு, ஆனா புக் சின்னதுதான், காப்பிரைட் முடிஞ்சதால நெட்ல ஃப்ரீயாவே கெடைக்குது. ரயில்ல நாலஞ்சு பேர் உக்காந்து இனப் பிரச்சனையை விவாதிக்கிற பகுதி பட்டிமன்றம் மாதிரி இழுக்கும், வேணும்னா தள்ளிட்டுப் போங்க. ஷைனி பக்கத்தை மட்டும் தள்ளிடாதீங்க.