டுகாட்டோ கேம்பர்வேன்: எந்தக் கூடுதல் வசதி இப்போதே வேண்டும்?

ஃபியட் டுகாட்டோ வேனில் கட்டிய கேம்பர்வேனை (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) ஆர்டர் செய்யப்போகிறீர்கள்; எந்த வசதியை இப்போதே எடுப்பது, எதைப் பிறகு மாட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டோமேட்டிக் கியர், டீசல் ஹீட்டர் இரண்டையும் ஆர்டர் படிவத்தில் இப்போதே டிக் செய்யுங்கள். கியரைப் பிறகு மாற்றுவது நடக்கிற காரியமல்ல. ஹீட்டரைப் பிறகு மாட்டலாம், ஆனால் பர்ஸ் தாங்காது. நீங்கள் கேட்ட பக்கவாட்டு நிழல்கூரை, சோலார், இரண்டாவது பேட்டரி மூன்றையும் வண்டி வந்த பிறகு வெளிப்பட்டறையில் மாட்டிக்கொள்ளலாம்.

"எல்லாம் சேர்த்தால் அனுமதித்த எடையைத் தாண்டும்" என்று உங்கள் டீலர் சொன்னது பயமுறுத்தல் அல்ல. ஐரோப்பாவில் விலைப்பட்டியலில் போடும் எடையில் 75 கிலோ ஓட்டுநரும் 90 சதவீத எரிபொருளும் அடங்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் கூடுதல் வசதிகள் அடங்காது. பல வசதிகளை ஒரே கட்டாக விற்கும் பேக்கேஜாக எடுத்தால் தேவையில்லாத கனமும் சேர்ந்தே வரும். எனக்குப் பேக்கேஜ் என்றாலே சந்தேகம்தான்.

கையெழுத்துக்கு முன், நீங்கள் ஆர்டர் செய்யும் வசதிகளும் சேர்ந்த வண்டியின் எடையை எழுத்தில் வாங்குங்கள். வண்டிக்கு அனுமதித்த உச்ச எடையான 3,500 கிலோவிலிருந்து அதைக் கழியுங்கள். மீதியில் மற்ற பயணிகளுக்கு ஆளுக்கு 75 கிலோ, அப்புறம் சைக்கிள், சாமான். பிறகு மாட்டப்போகும் நிழல்கூரை, சோலார், பேட்டரி எடையையும் மறக்காதீர்கள். லித்தியம் பேட்டரி என்றால், அதே திறனுள்ள ஈய-அமில பேட்டரியின் எடையில் சுமார் பாதிதான் இருக்கும்.

அதிக எடை தாங்கும் கனமான சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) கேட்கலாம். ஆனால் பதிவு எடை 3,500 கிலோவைத் தாண்டினால் உங்கள் பி உரிமம் (சாதாரண கார் ஓட்டுநர் உரிமம்) போதுமா என்று முதலில் பாருங்கள்.