184-இல் வரும் பீக் எல்லாம் கந்தகம் அல்ல

கேள்வி: காட்பாடியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். பங்க் டீசலில் உள்ள கந்தகச் சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காண்பது என் புராஜெக்ட். கல்லூரியில் ஜிசி-எம்எஸ் (சேர்மங்களைப் பிரித்து அவற்றின் நிறையைக் காட்டும் கருவி) மட்டும்தான் இருக்கிறது. நிறை எண் 184-இல் ஒரு பீக் வருகிறது. டைபென்சோதயோபீன் (தயோபீன் வகைக் கந்தகச் சேர்மம்) என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். முதலில் மாதிரியை மாற்றுங்கள். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகத்தின் உச்ச வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். உங்கள் கருவிக்கு அது போதாது. ராணிப்பேட்டைப் பக்கம் பாய்லருக்கு ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் இடம் ஏதாவதில் 100 மி.லி. கேட்டு வாங்குங்கள்.

அதை நேரே ஊசியில் ஏற்றாதீர்கள், கருவி அழுக்காகிவிடும். 1 கிராம் எண்ணெய்க்கு 40 மி.லி. ஹெப்டேன் கலந்து ஓர் இரவு வைத்தால் ஆஸ்பால்டீன் என்ற தார் போன்ற கனமான பகுதி கறுப்பாகப் படியும். வடிகட்டிச் சுண்டவைத்து, சிலிக்கா நிரப்பிய குழாயில் விடுங்கள். ஹெக்சேனில் பாரஃபின்கள் இறங்கும். பிறகு ஹெக்சேன்-டொலுவீன் சம அளவில் ஊற்றினால் அரோமாட்டிக்குகளோடு தயோபீன் வகைகளும் வரும். இங்கே டைகுளோரோமீத்தேன் ஊற்றும் வழக்கமும் உண்டு. ஆனால் அதன் கொதிநிலையே 40 டிகிரி. வேலூர் மே மாதத்தில் ஏசி இல்லாத லேபில் குழாய்க்குள்ளேயே குமிழி விட்டு சிலிக்கா பிளந்துவிடும். கரைப்பானை முழுக்க உலர்த்தவும் வேண்டாம், பென்சோதயோபீன் அதோடு பறந்துபோகும்.

இனி 184. நான்கு கார்பன் கூடுதலாக ஒட்டிய நாப்தலீன்களுக்கும் இதே நிறைதான். 186-ஐப் பாருங்கள்: கந்தகம் இருந்தால் 184-இன் உயரத்தில் சுமார் 5 சதவீதம் இருக்கும், இல்லையென்றால் 1 சதவீதம்தான். ஜிசி கருவியில் 5 சதவீத ஃபீனைல் பூச்சுள்ள குழாய் இருந்தால், டைபென்சோதயோபீன் ஃபினாந்த்ரீனுக்கு (நிறை 178) சற்று முன்னால் வரும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஆக்சிஜனேற்றம் செய்யுங்கள். 100 மி.கி. அரோமாட்டிக் பகுதி, டொலுவீன் 5 மி.லி., கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மி.லி., 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 2 மி.லி.; மூடாத குடுவையில், புகைக்கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்), 60-70 டிகிரியில் சில மணி நேரம் கலக்குங்கள். டைபென்சோதயோபீனின் கந்தகத்தில் இரண்டு ஆக்சிஜன் ஏறி, அது சல்ஃபோனாகி 216-க்குத் தாவும். நாப்தலீன் இருந்த இடத்திலேயே இருக்கும். மீத்தைல்பைரீனும் 216-இல்தான் வரும் என்பதால் மறுபடி சிலிக்காவில் விட்டு, ஹைட்ரோகார்பன்களை டொலுவீனால் கழுவிய பிறகே எத்தில் அசிட்டேட்டால் சல்ஃபோன்களை இறக்குங்கள். சாதாரண தயோபீன் இதற்கு அவ்வளவாக மசியாது. அது வரவில்லை என்பதற்காக எண்ணெயில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஆக்சிஜனேற்றம் முடிந்ததும், சிலிக்காவுக்குப் போகும் முன்பே, சோடியம் பைசல்ஃபைட் கரைசலால் மீந்த பெராக்சைடை அழித்துவிட வேண்டும். அயோடைடு-ஸ்டார்ச் தாள் நீலமானால் பெராக்சைடு இன்னும் இருக்கிறது; நீலமாவது நிற்கும் வரை சுண்டவைக்கக் கூடாது. அந்தக் குடுவையை அசிட்டோனால் கழுவவே கூடாது, வெடிக்கும் பெராக்சைடு உண்டாகலாம்.