தூங்கி எழுந்த லேப்டாப்பில் கார்டைக் காணோமா?

கேள்வி: பிரேம்வொர்க் லேப்டாப் 13 (யூஎஸ்பி, எச்டிஎம்ஐ, ஸ்டோரேஜ் எல்லாம் பக்கவாட்டு ஸ்லாட்களில் கழற்றி மாட்டும் சிறு கார்டுகளாக வரும் வகை), விண்டோஸ் 11. மூடி வைத்துத் திறந்தால் ஸ்டோரேஜ் கார்டு சில நேரம் தெரிவதில்லை. கழற்றி மாட்டினால் வந்துவிடுகிறது. மதர்போர்டை மாற்றச் சொல்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். கழற்றி மாட்டினால் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செத்த மதர்போர்டு அப்படி எழுந்து உட்காராது. ஸ்லாட் மாற்றிப் பார்த்தாரா என்று அவரைக் கேளுங்கள். உங்கள் லேப்டாப்பில் 4 ஸ்லாட்கள் உண்டு. எந்த ஸ்லாட்டிலும் இந்தக் கார்டு மட்டும் மறைந்தால் குறை கார்டில். ஒரே ஸ்லாட்டில் எல்லாக் கார்டும் மறைந்தால் குறை ஸ்லாட்டில். எங்கும் எல்லாமே மறைந்தால் பெரும்பாலும் மென்பொருள். இந்தச் சோதனையைச் செய்யாமல் மதர்போர்டுக்கு விலை சொல்பவர் பழுது பார்ப்பவரல்ல, வியாபாரி.

இந்தக் கார்டுகள் எல்லாமே உள்ளுக்குள் யூஎஸ்பி-சி சாதனங்கள். தூக்கத்தில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க விண்டோஸ் அவற்றையும் உறங்கவைக்கிறது. எழுப்பும்போது சில எழுவதில்லை. முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் போதாது: ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும்போது அது அரைத் தூக்கம்தான். பிறகு விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் ‘யூஎஸ்பி ரூட் ஹப்’, அதில் ‘பவர் மேனேஜ்மென்ட்’. மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கமே சில லேப்டாப்களில் இருக்காது. புதிய தூக்கமுறையைக் கொண்டுவந்தவர்கள் பழைய சுவிட்சை ஒளித்துவைத்துவிட்டார்கள். கேட்டால் விண்டோஸ்காரர் லேப்டாப் நிறுவனத்தையும், லேப்டாப்காரர் சிப் நிறுவனத்தையும் காட்டுவார். அப்போது நமக்கு மிஞ்சுவது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்), டிரைவர் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்) புதுப்பிப்புகள். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்வோம்’ என்று வரும் மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள். இருந்த கோளாறு அப்படியே இருக்க, இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொண்டு சந்தா கேட்கும்.

உங்களுடையது ஸ்டோரேஜ் கார்டு என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எச்டிஎம்ஐ கார்டு மறைந்தால் திரை போகும், அவ்வளவுதான். ஸ்டோரேஜ் கார்டு மறைந்தால் பாதி எழுதிய கோப்பு போகும். எனவே கோளாறு தீரும்வரை மூடுவதற்கு முன் கோப்புகளைச் சேமித்து மூடி, ‘எஜெக்ட்’ கொடுத்துவிடுங்கள்; திறந்ததும் ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை. லேப்டாப் தூங்கும்போது கார்டை உருவி வேறு கணினியில் எழுதிவிட்டுத் திரும்ப மாட்டவே கூடாது. எழுந்த லேப்டாப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு புதியதன் மேல் எழுதிவிடலாம். அந்தக் கார்டிலேயே இயங்குதளத்தை நிறுவி ஓட்டுகிறீர்கள் என்றால் தூக்கத்தையே நிறுத்திவைத்து, ஒவ்வொரு முறையும் ஷட்டவுன் செய்யுங்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிட்டு.