கேக் செய்யத் தராசு வாங்கத்தான் வேண்டுமா? கப் அளவு போதாதா?

வாங்கிவிடுங்கள். நீங்களும் என்னைப் போல அமெரிக்கச் செய்முறை ஒன்றைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் எந்தக் கப் இருக்கிறது என்று தேடுகிறவராகத்தான் இருப்பீர்கள்.

பேத்தியின் பிறந்தநாளுக்கு நான் எடுத்தது ரைஸ் குக்கரோடு வந்த கப். இரண்டு கப் மைதா, ஒன்றரை கப் சர்க்கரை, நான்கு முட்டை. வெண்ணெயை மட்டும் 226 கிராம் என்று தேடிப்பிடித்துச் சரியாகப் போட்டேன். அடுப்பில் அழகாக எழும்பியது, வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டது. கையில் எடுத்தால் விரலெல்லாம் நெய். பிறகுதான் அந்தக் கப்பில் தண்ணீர் ஊற்றி அளந்தேன்: 180 மில்லி. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240. அதாவது மைதாவும் சர்க்கரையும் முக்கால் பங்கு, வெண்ணெயும் முட்டையும் முழுப் பங்கு.

சரி என்று 240 மில்லி கப் வாங்கினேன். இந்த முறை கேக் வறண்டு, கத்தி வைத்ததும் உதிர்ந்தது. அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டுத் தராசை வாங்கிவந்து, ஒரே டப்பாவிலிருந்து ஒரே கப்பால் நானும் மனைவியும் மைதா எடுத்தோம். நான் கப்பை உள்ளே அழுத்தி, தட்டி நிரப்பினேன்: 152 கிராம். அவள் கரண்டியால் அள்ளிப் போட்டு மேலே வழித்தாள்: 124. இரண்டு கப்புக்கு 56 கிராம் வித்தியாசம். மைதா அழுத்தினால் அமுங்கும், சலித்தால் உப்பும். கப் அளப்பது மாவை மட்டுமல்ல, இடையில் இருக்கும் காற்றையும்தான்.

எனக்கு இதில் வெட்கம் என்னவென்றால், நான் 31 ஆண்டுகள் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தவன். எடைக்கற்களை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், விரல் படக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். செய்முறைத் தேர்வன்று தேர்வாளருக்கு டீ வாங்கிவர ஓடியதும் நான்தான். ஓய்வுபெற்ற நாளில் சால்வை போட்டவர் என் பெயரைத் தவறாகச் சொன்னார். திருத்தவும் ஆளில்லை. அதை விடுங்கள்.

"எங்கள் பாட்டி ஆழாக்கில்தான் இட்லிக்கு அளந்தார், தராசா வைத்திருந்தார்?" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். அரிசியும் உளுந்தும் மைதாவைப் போல அமுங்குவதில்லை. நாலுக்கு ஒன்று என்பது விகிதம். இரண்டையும் ஒரே ஆழாக்கில் அளந்தால் அது சிறிதோ பெரிதோ கவலையில்லை. அரைக்கும்போது தண்ணீரைக் கைப்பதத்தில் சரிசெய்துகொள்ளலாம். அடுப்புக்குள் போன கேக்கில் யார் கை வைப்பது? பாட்டியை நான் குறை சொல்லவே இல்லை.

மூன்றாவது முறை மைதா 250 கிராம், சர்க்கரை 300, வெண்ணெய் 226, ஓடு நீக்கிய முட்டை 200. கேக் சரியாக வந்தது. கழுவவும் குறைவு: பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, ஒவ்வொன்றாக மேலேயே கொட்டலாம். செய்முறையில் 'ஒரு ஸ்டிக் வெண்ணெய்' என்றிருந்தால் அது 113 கிராம்; நம் கடையின் 100 கிராம் பொட்டலம் அல்ல.

பேக்கிங் பவுடரை மட்டும் அளவு ஸ்பூனிலேயே எடுங்கள். ஒரு டீஸ்பூன் நான்கு கிராம் அளவில்தான் வரும். ஒவ்வொரு கிராமாகத் தாவும் சமையலறைத் தராசில் நான்கு கிராமை நிறுத்துக்கொண்டு எந்தப் பிள்ளையாவது என்னிடம் வந்திருந்தால், மறுபடி செய் என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.