பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு வயது 10, 7. பள்ளி விட்டதும் இருவரும் டே கேரில் இருந்தார்கள். இப்போது சில மாதங்களாக என் மாமனாரும் மாமியாரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, நாங்கள் ஏழு மணிக்கு வீடு திரும்பும்வரை கூடவே இருக்கிறார்கள். டே கேருக்குக் கட்டிய பணம் மிச்சமாகிறது. அதில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. "பெத்தவங்களுக்கு யாராவது சம்பளம் கொடுப்பாங்களா?" என்று கணவர் கோபப்படுகிறார். அத்தையும், "பேரப்பிள்ளைங்களைப் பார்த்துக்கக் காசு வாங்குவேனா?" என்கிறார். ஆனால் போன வாரம் பெரியவனின் புராஜெக்டுக்கு சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா எல்லாம் தன் பர்ஸிலிருந்தே வாங்கியிருக்கிறார்; எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாத்தனாருக்கு வேறு, அவர் அப்பா அம்மாவை நாங்கள் ஓசியில் வேலை வாங்குகிறோம் என்று மனத்தாங்கல். எவ்வளவு கொடுக்கலாம்? எப்படிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்? வரிச் சிக்கல் ஏதாவது வருமா?

பதில்: கொடுங்கள். அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் சம்பளமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் கணவரின் கோபம் அந்தச் சொல்மேல்தான் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டால் பேச வழி பிறக்கும்.

முதலில் அந்த சார்ட் பேப்பருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். பள்ளிக்குப் போய்வரும் பயணச் செலவு, மாலைச் சிற்றுண்டி, திடீரென்று கேட்கும் பென்சில், கீழே விழுந்து சிராய்த்துக்கொண்டால் வாங்கும் மருந்து, அவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூடுதலாக ஓடும் மின்விசிறி என்று ஒவ்வொன்றும் சின்னத் தொகை. கேட்டால் "அதுக்கென்ன, விடும்மா" என்பார்கள். பேரப்பிள்ளைமேல் உள்ள பாசத்துக்கும் இந்தச் செலவுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் பிள்ளைகளின் செலவு அது. நீங்கள்தான் ஏற்க வேண்டும். ஓய்வுக்காலத்தில் வருமானம் பெரும்பாலும் உயராது, விலைவாசி மட்டும் உயரும். உங்களுக்குக் கண்ணில் படாத தொகை அவர்கள் பட்ஜெட்டில் துண்டு விழ வைக்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று. பிள்ளைகள் செலவுக்கென்று தனியாக ஒரு பர்ஸ் வையுங்கள். திங்கட்கிழமை காலையில் அதில் ஒரு தொகையை நிரப்பிவிடுங்கள். ரசீது கேட்காதீர்கள், கணக்கு எழுதச் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை மீதம் இருந்தால் இருக்கட்டும். காலியாக இருந்தால் அடுத்த வாரம் கூட்டி வையுங்கள். காசு வேண்டாம் என்று சொல்கிற அத்தைகூட இந்த பர்ஸை மறுக்கமாட்டார். அது அவருக்குக் கொடுப்பதில்லையே.

அடுத்தது அவர்களுடைய நேரம். நாளுக்கு மூன்றரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்றால் பதினேழரை மணி நேரம். மாதத்துக்குச் சுமார் 75 மணி நேரம். இது பள்ளி நடக்கும் மாதங்களின் கணக்கு. விடுமுறையில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழுவரை என்றால் வாரம் 50 மணி நேரம் ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பலர் "சாயங்காலம் கொஞ்ச நேரம்" என்று பேசி முடித்துவிட்டு, நீண்ட விடுமுறை வந்ததும் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் முழுநாளையும் பெரியவர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். விடுமுறைக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள். பாதி நாட்களுக்காவது டே கேரோ கோடை வகுப்போ பாருங்கள்.

இந்த நேரத்துக்கு மணிக்கணக்கில் விலை போட வேண்டாம் என்பது என் கருத்து. போட்டால் அவர்கள் ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று படுத்தால் அந்த நாளைக் கழிப்பீர்களா? கழித்தால் மனம் புண்படும், கழிக்காவிட்டால் அந்தக் கணக்கே பொய். அதற்குப் பதிலாக, அவர்கள் முதுமையில் எங்கே பணம் போதாமல் இருக்கிறதோ அந்த இடத்தை நிரப்புங்கள். மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? தொகை போதுமா? பல் சிகிச்சை, கண்ணாடி, காது கேட்கும் கருவி போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் பணம் கிடைக்காது. அதற்குக் கையிருப்பு உண்டா? உங்கள் கணவரையும் கூட உட்காரவைத்துக் கேளுங்கள். "சம்பளம் கொடுக்கப் போறோம்" என்று தொடங்கினால் முகம் சுருங்கும். "உங்க பாலிசியை நாங்க எடுத்துக்கறோம்" என்று அவர் சொன்னால் பெரும்பாலும் தடை வராது.

தொகை எவ்வளவு? டே கேருக்கு மாதம் 100 கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாராந்திர பர்ஸுக்கு உண்மையில் ஆகும் செலவு ஒரு 20 இருக்கலாம். 40 அவர்களுக்கான காப்பீடு, சேமிப்புக்குப் போகட்டும். மீதி 40-ஐச் செலவழித்துவிடாமல் தனிக் கணக்கில் போடுங்கள். அவர்களுக்கு முடியாமல் போகும் வாரத்திலும் விடுமுறை மாதங்களிலும் வெளியாளை வைக்க அது உதவும். இந்த விகிதம் சட்டமில்லை. உங்கள் கையில் இறுக்கம் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், பர்ஸை மட்டும் குறைக்காதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சேமிப்புப் பணம் யார் கணக்கில் போகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, துணி மாற்றி, வீட்டுப்பாடம் பார்ப்பது பாட்டி; பணம் போவது தாத்தாவின் கணக்கில். உங்கள் அத்தைக்கு அவர் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும், அவருடைய பங்கு அதில் போகட்டும். வாழ்நாள் முழுக்க வீட்டு வேலை பார்த்துத் தனக்கென்று ஓய்வூதியம் இல்லாத பெண்களுக்கு, யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய பணம் என்பது பெரிய விஷயம்.

வரிக்கு வருவோம். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, பதிலோ நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் மகனோ மருமகளோ பெற்றோருக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு, எவ்வளவு பெரிய தொகையானாலும், வாங்குபவருக்கு வரி கிடையாது. அதை அவர்கள் டெபாசிட்டில் போட்டால் வரும் வட்டி அவர்களுடைய வருமானம். உங்கள் வருமானத்தோடு சேர்க்கமாட்டார்கள். காப்பீட்டு பிரீமியத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: வருமான வரியில் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் பெற்றோருக்காகக் கட்டும் பிரீமியத்துக்கு வரிக் கழிவு கிடைக்கும், ஆனால் மாமனார் மாமியாருக்காக மருமகள் கட்டினால் கிடைக்காது. ஆகவே உங்கள் கணவர் தன் கணக்கிலிருந்து கட்டட்டும், ரொக்கமாகக் கட்ட வேண்டாம்.

அமெரிக்காவில் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ள தாத்தா பாட்டிக்குக் கொடுக்கும் பணத்துக்கும், மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், பெற்றோர் வரிச்சலுகை கேட்கலாம். அந்தப் பெரியவர்கள் உங்கள் வரிக்கணக்கில் உங்களைச் சார்ந்தவர்களாகக் காட்ட முடியாதவர்களாக இருக்க வேண்டும். அப்படிச் சலுகை கேட்டால் அந்தப் பணம் அவர்களுக்கு வருமானமாகிவிடும். பிரிட்டனில் 2011 ஏப்ரல் முதல் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஓய்வூதிய வயதை எட்டாத தாத்தாவோ பாட்டியோ 12 வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், குழந்தை உதவித்தொகை பெறும் பெற்றோரின் தேசியக் காப்பீட்டு வரவை (அரசு ஓய்வூதியத்துக்குக் கணக்கில் சேரும் பதிவு அது) தாத்தா அல்லது பாட்டியின் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பெற்றோர் வேலைக்குப் போய்ச் சொந்தமாகவே காப்பீடு கட்டுபவர் என்றால் அவருக்கு அந்த வரவு தேவைப்படாது. பாட்டிக்கோ ஓய்வூதியம் கூடலாம்.

எங்கே இருந்தாலும் இரண்டு விஷயங்கள் பொது. வங்கிப் பரிமாற்றத்தில் 'சம்பளம்' என்று எழுதிவிட்டு வரித்துறையிடம் அன்பளிப்பு என்று சொல்ல முடியாது. உண்மையில் எதுவோ அதையே எழுதுங்கள். அவர்கள் வருமானத்தைப் பார்த்து அரசு தரும் உதவித்தொகை ஏதாவது வாங்கினால், மாதாமாதம் நீங்கள் போடும் தொகை அதைக் குறைக்குமா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

நாத்தனார் விஷயத்தை மறைத்துச் சமாளிக்க வேண்டாம். என்ன கொடுக்கிறீர்கள், எதற்காக என்று உங்கள் கணவரே தங்கையிடமோ அக்காவிடமோ சொல்லிவிடட்டும். அவருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள நாளை அவர்களைக் கேட்கலாம், அந்த உரிமை அவருக்கும் உண்டு. "பிறகு வீட்டை உங்க பேருக்கு எழுதிடறோம், இப்ப காசு எதுக்கு" என்று பெரியவர்கள் சொன்னால் மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள். இன்றைய உழைப்பையும் நாளைய சொத்தையும் முடிச்சுப் போட்டதால் பேச்சுவார்த்தையே நின்றுபோன உடன்பிறப்புகளை என் தொழிலில் பார்க்கிறேன்.

கடைசியாக, இன்னும் சில ஆண்டுகளில் பிள்ளைகள் தாங்களாகவே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்போது பர்ஸ் நின்றுபோகலாம், பிரீமியம் நிற்கக் கூடாது. வயது ஏறஏற அது கூடும். இடையில் விட்டுவிட்டால் அந்த வயதில் புதுப் பாலிசி கிடைப்பது கடினம். அதனால் எத்தனை வருடமானாலும் உங்களால் கட்ட முடிகிற தொகைக்கே இப்போது பாலிசியைத் தேர்ந்தெடுங்கள்.