விடுமுறை தந்த சுளுக்கு

மேடம்,
என் மகளுக்கு 9 வயது. பேட்மின்டன் ஆடுகிறாள். திறமை இருக்கிறது, உழைப்புதான் போதவில்லை. விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிப்போவது நான், சாயங்காலமும் நான்தான். கணவர் "விடு, சின்னப் பிள்ளை" என்பதோடு சரி. பயிற்சியாளர் வேறொரு பெண்ணைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார். போன போட்டியில் அந்தப் பெண்ணிடமே இவள் தோற்றாள், ஜெயிக்கவேண்டிய ஆட்டம். வீடு வரும்வரை எடுத்துச் சொன்னேன், வாயே திறக்கவில்லை. நடுவில் கால் சுளுக்கி, பத்து நாள் ஆடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் சிரிக்கிறாள் (குழந்தைதானே). அதில் பயிற்சி வேறு கெட்டது. பெரிய வீரர்களெல்லாம் சின்ன வயதில் ஆரம்பித்தவர்கள்தானே? இவளுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு அலைகிறேன், கணவர் கண்டுகொள்வதே இல்லை. இவளுக்கு ஒரு வெறி வர என்ன செய்வது?

- ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

பயிற்சியாளரையும் உங்கள் கணவரையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். 'குழந்தைதானே' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. கால் வீங்கிக் கிடக்கும்போது ஒரு பிள்ளை சிரிக்கிறது என்றால், அந்த வலியைவிடப் பெரிய தொல்லையிலிருந்து தப்பித்த நிம்மதி அது. "வேண்டாம்மா" என்று உங்களிடம் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. அவளுக்காக டாக்டர் சொல்லிவிட்டார்.

வெறி இல்லை என்கிறீர்கள். கடிதம் முழுக்க இருக்கிறதே, உங்களுடையது. கோபப்படாதீர்கள். இத்தனை அலைந்தவருக்குப் பலன் பார்க்கத் தோன்றும்தான். அதை ஒரு குழந்தையிடம் வசூலிக்கக் கூடாது. தோற்று வருகிறவளுக்கு வழியெல்லாம் பாடம் எடுத்தால், ஜெயித்தால்தான் அம்மாவுக்குப் பிரியம் என்றுதான் கணக்குப் போடுவாள். இந்த விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம்.

பெரிய வீரர்களைக் கேட்டீர்கள். அப்பாவின் கட்டாயத்தில் வளர்ந்த டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாஸி 8 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றார். டென்னிஸை வெறுத்ததாக 2009-ல் அவரே எழுதினார். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கமோ, 15, 16 வயதுவரை ஒரே விளையாட்டில் முழுதாக இறங்க வேண்டாம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று 2016-ல் சொல்லியிருக்கிறது. வளர்கிற எலும்பின் முனைகள் ஓயாத அடியைத் தாங்குவதில்லை.

பயிற்சியைச் சில வாரம் நிறுத்திவையுங்கள். "ஆட ஆசையா?" என்று கேட்டு, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் "ஆசைதான்" என்றால் நம்பாதீர்கள். அவளாக மட்டையைத் தேடி எடுத்தால் கூட்டிப்போங்கள். எடுக்கவில்லையா, சரி, அந்த விடியற்காலைகளில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.